சந்தேகநபர் என்று எழுதும் தம்பிமாருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து செய்தி எழுதும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

நான் பத்திரிகைக்காரன் இல்லை. முப்பது வருசத்துக்குக் கிட்ட நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மன்றில் எங்களை 'முதலியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம், அதனால் சம்பளம் ஒரு சதமும் கூடியதில்லை. இப்போது காலையில் வாவிக்கரையில் நடந்துவிட்டு வந்து, பேத்தி வாங்கித் தந்த போனில் உங்கள் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பதுதான் வேலை. படித்துப் படித்து ஒரு சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கி நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆங்கிலத்தில் அது 'சஸ்பெக்ட்'. நீங்கள் 'சந்தேகநபர்' என்று எழுதுகிறீர்கள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, நானும் ஆயிரம் தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். இரண்டும் நான் கட்டியவை, ஆனால் இவற்றின் அச்சில் வார்த்தவை தினமும் வருகின்றன.

'வீடு புகுந்து பதினைந்து பவுண் நகையைத் திருடிய சந்தேகநபர் கைது.'

'முகத்தை மூடிக்கொண்டு வந்த இரு சந்தேகநபர்கள் கடை உரிமையாளரை வெட்டிவிட்டுத் தப்பியோடியுள்ளனர்.'

இரண்டாவதை முதலில் எடுப்போம். வெட்டியவர்கள் யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது. பொலிஸார் இன்னும் ஒருவரையும் சந்தேகிக்கவில்லை. அப்படியென்றால் அங்கே சந்தேகநபர் எங்கிருந்து வந்தார்? கடைக்காரரின் கையில் வெட்டு விழுந்ததில் ஒரு சந்தேகமும் இல்லை. வெட்டியவர்கள் வெட்டியவர்கள்தான். 'முகத்தை மூடிக்கொண்டு வந்த இருவர் வெட்டிவிட்டு ஓடினர்' என்று எழுதினால் எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்குக் கடிதம் அனுப்ப முடியாது, ஏனென்றால் நீங்கள் யாரையும் சுட்டவில்லை.

முதலாவது இதற்கு நேர் எதிர். அங்கே ஓர் ஆள் பிடிபட்டிருக்கிறார், அவருக்கு ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, தாய் இருக்கிறார். அவர்மேல் இருப்பது சந்தேகம் மட்டும். ஆனால் 'திருடிய' என்ற பெயரெச்சத்தைப் போட்டவுடன் வழக்கு முடிந்துவிட்டது. 'திருடிய' என்பதற்குப் பிறகு 'சந்தேகநபர்' வந்தாலும் 'மாமனிதர்' வந்தாலும் திருடியது திருடியதுதான். தமிழ்ப் பெயரெச்சத்துக்கு அவ்வளவு பிடி. 'திருடியதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவர்' என்றோ, 'நகைத் திருட்டுத் தொடர்பில் ஒருவர் கைது' என்றோ எழுதினால் இரண்டு சொல் கூடும், அல்லது குறையும். அவ்வளவுதான் செலவு.

இந்த இரண்டு பிழையும் சேர்ந்துதான் சொல்லைக் கெடுத்தன. வெட்டினவனையும் சந்தேகநபர் என்கிறீர்கள், விசாரிக்கக் கூட்டிப்போனவனையும் சந்தேகநபர் என்கிறீர்கள். வாசிக்கிற சனம் என்ன செய்யும்? 'ஓ, கள்ளனுக்கு இப்ப மரியாதையா வச்ச பேர் இது' என்று விளங்கிக்கொள்ளும். விளங்கிக்கொண்டுவிட்டது. சந்தையில் நின்று கேட்டுப் பாருங்கள்.

நானும் ஒருகாலம் இதே குழியில் விழுந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம். பி அறிக்கையோடு (விசாரணை பற்றிப் பொலிஸார் நீதிவானுக்குக் கொடுக்கிற அறிக்கை) வந்த சார்ஜன்ட் சிங்களத்தில் விடயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் தமிழில் சொல்லவேண்டும். சைக்கிள் களவு. சார்ஜன்ட் சந்தேகநபர் என்றுதான் சொன்னார். எனக்கு வாய் ஓடிய வேகத்தில் 'சைக்கிளை எடுத்தவர்' என்று சொல்லிவிட்டேன். நீதிவான் பேனையை மேசையில் வைத்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "முதலியார், எடுத்தவர் என்று சார்ஜன்ட் சொன்னாரா, நீர் சொல்லுறீரா?" மன்று முழுக்க என்னைப் பார்த்தது. கூண்டில் நின்ற பொடியனும் பார்த்தான். அவனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான், இடுப்புப் பட்டியைப் பொலிஸில் கழற்றி வைத்துவிட்டார்கள் போல. அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை அந்தச் சொல்லில் நான் பிழைவிட்டதில்லை.

மன்றில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. பொலிஸார் கொண்டுவந்து நிறுத்தும்போது அவர் சந்தேகநபர். குற்றப்பத்திரம் வாசித்த பிறகு எதிரி. (பகைவன் என்ற பொருளில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் மன்றுகளில் அப்படித்தான் சொல்வது.) விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, முடிந்து தீர்ப்புச் சொன்ன பிறகுதான் குற்றவாளி, அல்லது குற்றமற்றவர் என்ற பொருளில் சுற்றவாளி. சிலர் சுத்தவாளி என்றும் எழுதுவார்கள். குற்றவாளிக்கும் சுற்றவாளிக்கும் நடுவில் ஓரெழுத்துத்தான், அச்சுக்கோர்த்த காலத்தில் அந்த ஓரெழுத்து மாறிப் பெரிய கூத்தாகும் என்று பழைய ஆட்கள் பகிடி சொல்வார்கள். குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளியாகவே கொள்ளப்படுவார் என்பது எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, 5ஆம் பந்தி. நீங்கள் படித்தவர்கள், நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆங்கிலச் சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வினையாகச் சொன்னால் அழுத்தம் பின்னசையில் விழும், பெயராகச் சொன்னால் முன்னசையில். வினையாக இருக்கும்போது 'யார் சந்தேகிக்கிறார்?' என்று கேட்காமல் வாக்கியமே நிற்காது. பொலிஸா, பக்கத்து வீட்டுக்காரரா, முறைப்பாட்டுக்காரரா, யாராவது ஒருவர் எழுவாயாக வந்து நிற்கவேண்டும். பெயராக மாறியதும் சந்தேகிக்கிற ஆள் மறைந்துபோகிறார். மிஞ்சுவது சந்தேகிக்கப்படுகிற ஆள் மட்டும், ஏதோ பிறக்கும்போதே மச்சம்போல அதைக் கொண்டுவந்தவர் மாதிரி. எங்கள் 'சந்தேகநபர்' இன்னும் ஒருபடி மேல், அழுத்தத்தை மாற்றிச் சொல்லவும் வழி இல்லை.

இங்கிலிஸ்காரர் மட்டும் ஒழுங்கோ என்று கேட்பீர்கள். இல்லை. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் தன் ஆட்களுக்கு வைத்திருக்கிற நடைக்கையேட்டிலேயே, அடையாளம் தெரியாத, குற்றத்தைச் செய்ததில் ஐயமில்லாத ஆளை 'சஸ்பெக்ட்' என்று எழுதாதே, கொள்ளையடித்தவனைக் கொள்ளையன் என்றே எழுது என்று சொல்லவேண்டி வந்திருக்கிறது. அவர்களும் அப்படி எழுதிக்கொண்டிருந்ததால்தானே சொல்லவேண்டி வந்தது.

1996 ஜூலை 27, அட்லாண்டா ஒலிம்பிக். பூங்காவில் கிடந்த பையைக் கண்டு ஆட்களை விலக்கிவிட்டவர் ரிச்சர்ட் ஜூவல் என்ற காவலாளி. குண்டு வெடித்தது. முதல் மூன்று நாள் அவர் வீரர். பிறகு, எஃப்பிஐ அவரைத்தான் சந்தேகிக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகை போட்டது. அன்றிலிருந்து அவருடைய வாசலில் கமெரா. அவர்மேல் குற்றச்சாட்டே பதியப்படவில்லை. விசாரணையில் அவர் இலக்கு இல்லை என்று அரச வழக்கறிஞர் கடிதம் கொடுக்க 88 நாள் எடுத்தது. குண்டு வைத்தவன் எரிக் ருடால்ஃப், 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஜூவல் 2007இல் 44 வயதில் இறந்துபோனார். இதில் அந்தப் பத்திரிகை பொய் எழுதவில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. எஃப்பிஐ சந்தேகித்தது உண்மை. உண்மையான ஒரு சொல், அதைச் சனம் கேட்ட விதத்தில் பொய்யாகிவிட்டது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சின்னஞ்சிறுமி கொல்லப்பட்டாள். முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் பிடிபட்டார்கள், மரபணுப் பரிசோதனை ஒத்துவரவில்லை, விட்டார்கள். பிறகு இன்னொருவர், அவர் ஒப்புக்கொண்டார் என்று பொலிஸார் சொன்னார்கள். நாடே மூச்சுவிட்டது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் 2016இல் தண்டிக்கப்பட்டது அவருடைய சகோதரர். 'ஒப்புக்கொண்டார்' என்பதை நீங்கள் தலைப்பில் போடுகிறீர்களே, பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் மன்று சான்றாக எடுக்காது. சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் அதற்கு ஓட்டை போட்டது, அதன் கதை உங்களுக்கு என்னைவிடத் தெரியும். மன்று தொடாத ஒன்றை நீங்கள் எட்டுப் பத்தித் தலைப்பாக்கினால் எப்படி?

புங்குடுதீவு மாணவி கொலை வழக்கிலும் பாருங்கள். மன்றில் நின்றவர்கள் ஒன்பது பேர். 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரணதண்டனை, இரண்டு பேர் விடுதலை. அதற்கு முந்திய இரண்டு வருசமும் அந்த இருவரையும் சேர்த்து ஒன்பது பேரையும் தெருவில் சனம் எப்படிக் குறிப்பிட்டது என்று ஞாபகம் இருக்கிறதா?

2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை இந்த மடலில் தொடாமல் போகமுடியாது. சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தக் கிழமையில் எவரிடமும் நிதானம் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் ஏப்ரல் 25ஆம் திகதி பொலிஸார் சந்தேகநபர்கள் என்று படங்களை வெளியிட்டார்களே, அதில் ஒரு படம் அமெரிக்காவின் பால்டிமோரில் வளர்ந்த அமாரா மஜீத் என்ற எழுத்தாளருடையது. வேறொரு பெயருக்குக் கீழே இவருடைய முகம். பொலிஸார் பிழையை ஒப்புக்கொண்டார்கள். படம் போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார், ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவர், உலகப் பத்திரிகைகள் அவர் சொன்னதைப் போட்டன. முஸ்லிம் ஊர்களான சாய்ந்தமருதிலோ காத்தான்குடியிலோ அந்த மாதத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் முகம் அந்த இடத்தில் வந்திருந்தால், திருத்தம் யார் கேட்டிருப்பார்கள்?

ஊர்ப்பெயர் விடயத்தையும் இதோடேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஊர்ப்பெயர் என்றால் முகவரி மட்டும் இல்லை. ஊரைச் சொன்னால் தமிழரா முஸ்லிமா என்று சொன்ன மாதிரி. ஒரு ஆட்டுத் திருட்டில் 'இன்ன ஊரைச் சேர்ந்த சந்தேகநபர்' என்று போட்டவுடன் கீழே என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சில பேர் போடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். கோபிக்கவேண்டாம், எல்லாரையும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்களில் அநேகம் பேர் தொண்ணூறுக்குப் பிறகு பிறந்தவர்கள். எங்கள் வயதுக்காரருக்கு 'சந்தேகத்தின் பேரில்' என்ற சொற்றொடர் காதில் விழுந்தாலே வயிறு பிசையும். சுற்றிவளைப்பு என்றால் ஊர் முழுக்க மைதானத்தில் குந்தவேண்டும். ஜீப்புக்குள் முகத்தை மூடி ஒருவனை இருத்தியிருப்பார்கள். தலையாட்டி என்போம். வரிசையில் போகும்போது அவன் தலையை ஆட்டினால் நீங்கள் சந்தேகநபர். அவன் ஏன் ஆட்டினான், அடிக்குப் பயந்தா, காணித் தகராறா, யாருக்குத் தெரியும்? 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவர்களுடைய தாய்மாரில் எத்தனையோ பேர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்கள். ஒருவர்மீதும் ஒரு வழக்கும் நடக்கவில்லை. சந்தேகத்தோடேயே போனவர்கள். இந்த ஊரிலேயே, 2004 மே 31இல் வேலைக்குப் போகும் வழியில் சுடப்பட்ட பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனைப் போன்றவர்கள் பேனை பிடித்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய காலத்தில் அந்தச் சொல்லை அரசாங்கம் எங்கள்மேல் எறிந்தது. இப்போது அதை எடுத்து நாங்களே எங்கள் பொடியன்மேல் எறிகிறோம்.

இனி என் சொந்தக் கதை. இது இல்லாவிட்டால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன், உண்மையைச் சொல்லவேண்டும்தானே.

அக்காவின் கடைசி மகன், என் மருமகன், போன் திருத்துகிறவன். படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒருநாள் ஒருவர் வந்து, கடவுச்சொல் மறந்துபோச்சு, திறந்து தாங்க என்று ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போனார். அது களவுபோன வீட்டுப் போன். பொலிஸார் அதைத் தேடிக் கடைக்கு வந்தார்கள், போன் மேசையில் இருந்தது, இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் நான் பொலிஸைக் குறைசொல்லமாட்டேன். களவுப்பொருள் கையில் இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

பின்னேரம் அக்கா அழுதுகொண்டு போனை என் கையில் தந்தார். ஒரு இணையச் செய்தி. 'வீடு உடைத்து நகை, தொலைபேசி திருடிய சந்தேகநபர் மடக்கிப் பிடிப்பு.' ஒரு படம், பின்பக்கத்தில் இருந்து எடுத்தது. முகம் தெரியாமல் போட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் அந்த நீலக் கட்டம்போட்ட சட்டையை ஊரில் தெரியாத ஆள் இல்லை, போன சித்திரைக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது, கிழமையில் நாலு நாள் அதைத்தான் போடுவான்.

14 நாள் விளக்கமறியல். அடையாள அணிவகுப்பு நடந்தது, வீட்டுக்காரர் இவனை அடையாளம் காட்டவில்லை. போன் கொண்டுவந்து கொடுத்த ஆளைப் பற்றி இவன் சொன்னது சரியென்று பிறகு தெரிந்தது. மன்று விடுவித்தது. வெளியே வந்தவன் முதலில் கேட்டது, "மாமா, அந்தப் படத்த எடுத்திட்டாங்களா?" என்று. இல்லை. நான் போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பக்கத்தில் பேசின தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, நாங்க சந்தேகநபர் எண்டுதானே போட்டோம், கள்ளன் எண்டு போடல்லையே" என்றார். அவர் சொன்னது அவர் மனதுக்கு நியாயம். அதற்கு மறுகா என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து உண்மையில் உடைத்தவர் வேறொரு இடத்தில் பிடிபட்டார். அதே செய்தித்தளம் அதையும் போட்டது. கோப்பில் இருந்த படத்தோடு. நீலக் கட்டச் சட்டை.

இப்போது ஒருவரும் அவனிடம் போன் கொடுப்பதில்லை. வங்கிக் கணக்கு, குடும்பப் படம் எல்லாம் இருக்கிற சாமான், சந்தேகநபரிடம் யார் கொடுப்பார்கள்? கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோ ஓடுகிறான். சட்டையை அக்கா கிழித்து அடுப்படியில் சட்டிபிடிக்கிற துணியாக்கிவிட்டார். நான் போனால் அந்தத் துணியால்தான் கேத்திலைப் பிடித்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறார்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பிரதேச நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவென்று எண்ணிக் கொடுக்கிற காசு பெற்றோலுக்குக் காணாது. பொலிஸ் அனுப்புகிற குறிப்பு இரவில் வருகிறது, மற்றவர் போட முன்னம் போடவேண்டும், குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தமிழாக்கி விடுகிறீர்கள். ஆனால் பொலிஸ் குறிப்பு பொலிஸின் குரல். அதை உங்கள் குரலில் சொன்னால் சந்தேகித்தது நீங்கள் என்று ஆகிவிடும். 'பொலிஸார் சந்தேகிக்கின்றனர்' என்று எழுவாயை முன்னுக்கு இழுத்துப் போடுங்கள், பாரம் உங்கள் தலையில் இருந்து இறங்கும்.

தலைப்பில் 'பிணையில் விடுதலை' என்று போடுவதையும் விடலாம். பிணை வேறு, விடுதலை வேறு. அந்தத் தலைப்பைப் பார்த்து, காசு கட்டி வெளியில் வந்திட்டான் என்று பேசுகிறவர்களும் உண்டு, குற்றமே இல்லையாம் என்று பேசுகிறவர்களும் உண்டு. இரண்டும் பிழை.

ஏபி நிறுவனம் 2021இல் ஒரு முடிவு எடுத்தது. சின்னக் குற்றங்களில், வழக்கு எப்படி முடிந்தது என்று பின்தொடர்ந்து எழுதப்போவதில்லை என்றால், பிடிபட்டவரின் பெயரைப் போடுவதில்லை என்று. இணையத்தில் அந்தப் பெயர் என்றைக்கும் கிடக்கும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இங்கே சைக்கிளுக்கும் போனுக்கும் ஆட்டுக்கும் அதையே செய்யலாம். பெயர், கடை, சட்டை ஒன்றும் வேண்டாம். பெரிய வழக்குகளில் பெயர் போடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் போட்டால் மன்றுவரை போங்கள். மன்றுக்கு வெளியே வேலியோடு நின்று படம் எடுக்கிற நீங்கள், தீர்ப்பு நாளன்று உள்ளே வந்து பின்னால் உள்ள வாங்கில் இருந்தால் ஒருவரும் தடுக்கமாட்டார்கள். நான் இருந்த காலத்தில் அந்த வாங்கு அநேகமாக வெறுமையாகத்தான் கிடந்தது.

மருமகனின் செய்தி இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது, நேற்றும் தேடிப் பார்த்தேன். அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது நடந்ததுதான், பிடித்தது உண்மை. கீழே ஒரு வரி சேர்த்தால் போதும், 'இவர் பின்னர் நீதிமன்றினால் விடுவிக்கப்பட்டார்' என்று. போட்டவர் இதைப் படித்தால் யாரென்று அவருக்கே விளங்கும். வழக்கிலக்கமும் விடுவித்த திகதியும் என்னிடம் எழுதி இருக்கிறது. போன் பண்ணினால் வாசித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.